தூணோரத்துக் காவல்

சந்தியாகு ஓடிக்கொண்டிருந்தார். காலில் செருப்பில்லை. கோவில் வாசலில் கழற்றிப் போட்டதைத் தேடி மாட்டுவதற்குள் அந்த ஊதாச் சேலை மறைந்துவிடும். இப்போதே கூட்டத்துக்குள் தெரிவதும் மறைவதுமாகத்தான் இருந்தது.

அறுபது வயதில், ஞாயிற்றுக்கிழமை காலையில், இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெண்ணைத் துரத்த வேண்டிவரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் சிரித்திருக்க மாட்டார். அவர் எதற்குமே சிரிக்கிற ஆளில்லை.

"என்ன அண்ணாச்சி ஓட்டம்? பூசை அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" டீக்கடையிலிருந்து ஒரு குரல்.

முடியவில்லை. பாதிரியார் கடைசி ஆசீர் கொடுப்பதற்கு முன்பே அவள் வெளியேறிவிட்டாள். சேலைக்குள் எதை மறைத்துக்கொண்டு போகிறாள் என்பது சந்தியாகு ஒருவருக்குத்தான் தெரியும்.

நன்மையை.

பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தி அர்ச்சிக்கிற எழுந்தேற்றம் ஆன பிறகு அந்த வெள்ளை அப்பம் அப்பமில்லை. ஆண்டவருடைய சரீரம். பரம்பரைக் கத்தோலிக்கர்களுக்கு அதன் பெயர் நன்மை. குருப்பட்டம் பெற்ற சாமியாரின் விரல் தவிர வேறு விரல் அதைத் தொடக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர் சந்தியாகு. முழங்கால் போட்டு, கண்ணை மூடி, நாக்கில் வாங்க வேண்டும். கொரோனா வந்தது, கையில் கொடுக்க ஆரம்பித்தார்கள். கொரோனா போனது, கை போகவில்லை. அதன் பிறகுதான் எல்லாம் கெட்டது என்பது அவர் கட்சி. ஒரு கையில் செல்போன், மறு கையில் ஆண்டவர். முறுக்குத் தின்கிற மாதிரி மென்றுகொண்டே இடத்துக்குப் போகிறார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் புரொஜெக்டர் திரை, பாட்டுக்குக் கிதார். இவ்வளவுக்கும் மேலே, பங்குச் சாமியார் ஜோயல். முப்பத்தைந்து வயது, பேன்ட் சட்டையோடு பைக்கில் திரிகிறவர்.

சந்தியாகு மறைமாவட்டத் தலைவரான மேற்றிராணியாருக்கு மனு எழுதினார். கோவில் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தினார். ஜோயல் சாமியாரோடு பேச்சை முறித்தார். 'விசுவாசக் காவல்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார். 'கையில் கொடுக்கிற வரைக்கும் நான் வரிசையில் வர மாட்டேன்' என்று அறிவித்துவிட்டு, ஒவ்வொரு ஞாயிறும் நன்மை வாங்குகிறவர்களுக்குரிய பட்டினி விரதத்தோடு வந்து தூணோரம் நின்று மற்றவர் கைகளைக் காவல் காத்தார். 'உங்களுக்கு நாக்கில் தருகிறேன், வாருங்கள்' என்று ஜோயல் சாமியார் ஆள் அனுப்பிச் சொன்னதும் உண்டு. அதற்கும் அவர் போகவில்லை. கொள்கைக்காரர் என்று குழுவே மெச்சியது.

இன்றைக்கும் தூணோரம்தான் நின்றார். ஊதாச் சேலைக்காரி வரிசையில் போனாள், வாங்கினாள். ஆனால் திரும்பவில்லை. சாமியாரை ஒட்டி ஒதுங்கி நின்றாள். இவருக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. முழங்கை ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. திரும்பியபோது அவள் விரல்களுக்குள் குங்குமச் சிமிழ் மாதிரி ஒன்று மினுங்கியது. மூடியை அழுத்திக் கழுத்தில் தொங்கிய சுருக்குப் பையில் போட்டுச் சேலைக்குள் தள்ளினாள். குனிந்த தலையோடு பக்கத்து வாசல் வழியாகப் போய்விட்டாள்.

மாந்திரீகத்துக்காக நன்மையைத் திருடுகிறார்கள் என்று போன வாரம்தான் குழுவில் ஒரு வீடியோ வந்திருந்தது. எந்த ஊர், எந்த நாடு என்று அதில் சொல்லவில்லை. சந்தியாகுவுக்கு அது தேவையும் படவில்லை.

ஜோயல் சாமியாரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பேச்சுவார்த்தை இல்லாதவரிடம் எப்படிக் கேட்பது?

ஓடிக்கொண்டே குழுவில் தட்டினார்: 'நன்மைத் திருட்டு. கண்ணால் பார்த்தேன். பின்னால் போகிறேன்.'

அடுத்த நிமிடம் பதில் விழுந்தது: 'விடாதீங்க அண்ணாச்சி.'

ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ் கிளம்பி உறுமிக்கொண்டிருந்தது. ஊதாச் சேலை முன்படியில் ஏறியது. சந்தியாகு பின்படியில் தொற்றினார்.

---

பஸ்ஸில் முகூர்த்த நாள் கூட்டம். அவளுக்கு மட்டும் ஜன்னலோரம் ஓர் இடம் கிடைத்திருந்தது. சந்தியாகு ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னேறி அவள் பக்கத்தில் போய் நின்றார். கிட்டத்தில் பார்த்தால் நாற்பது வயது இருக்கும். தூக்கமில்லாத கண்கள். வலது கையை நெஞ்சில் அந்தப் பையின் மேல் பொத்தி வைத்திருந்தாள். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. மந்திரமா?

"அந்தச் சிமிழை வெளிய எடும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பதில் இல்லை.

"உன்னையத்தான். கோவில்லேருந்து எடுத்துட்டு வந்தியே, அது."

கை இன்னும் இறுகியது. தலை குனிந்தது. வாய் திறக்கவில்லை.

எதிர் இருக்கையில் மடியில் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டி வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சேக் முகைதீன். பக்கத்தில் அவர் மனைவி மாஜிதா. இருவரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"என்ன அண்ணாச்சி, நகையா?" என்றார் சேக் முகைதீன்.

"நகையைவிடப் பெருசு."

"நகையைவிடப் பெருசா அந்தச் சின்னப் பைக்குள்ள? அப்ப வைரந்தான்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். சந்தியாகுவுக்கு முகம் சிவந்தது. "சிரிக்காதிய. இவ கோவில்ல திருடிட்டு வாரா."

அந்த ஒரு சொல்லில் பஸ்ஸின் முகமே மாறிவிட்டது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

மாஜிதா முன்னால் குனிந்தாள். "ஏட்டி, எடுத்திருந்தா குடுத்துருடி. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. போலீசு, ஸ்டேஷன்னு போனா நம்மளுக்குத்தான அசிங்கம்."

பதில் இல்லை. கண்ணில் மட்டும் நீர் கட்டியது.

"வாய்க்குள்ள கொழுக்கட்டையா வச்சிருக்கா?" என்றது ஓர் ஆண் குரல். "உள்ள ஒண்ணும் இல்லைன்னா சொல்லலாம்ல. திருடுனவளுக்குத்தான் வாயடைச்சுப் போகும்."

சந்தியாகு நினைத்ததும் அதேதான். நிரபராதி பேசுவாள், கூச்சல் போடுவாள், இவரை நாலு கேள்வி கேட்பாள். இவளோ பிடித்து வைத்த மாதிரி இருக்கிறாள். வேறென்ன சாட்சி வேண்டும்?

அவர் சட்டைப் பையிலிருந்த செல்போன் துடித்தது. குழு கேட்கிறது. ஆண்டவர் ஒரு சிமிழுக்குள் அடைபட்டுப் போய்க்கொண்டிருக்கிறார். சந்தியாகு கையை நீட்டி அவள் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

அவள் சிமிழை இரண்டு கையாலும் பற்றினாள். கத்தவில்லை, கடிக்கவில்லை, பிடியை மட்டும் விடவில்லை. கயிறு அறுந்தது. அதே நேரம் குறுக்கே வந்த ஆட்டோவுக்காக டிரைவர் பிரேக்கை மிதித்தார். நின்றவர்கள் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். சுருக்குப் பையின் வாய் பிளந்து சிமிழின் மூடி தெறித்தது.

வெள்ளையாக, ஒரு ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரியதாக, ஏதோ ஒன்று காற்றில் திரும்பிப் பஸ்ஸின் தரையில் விழுந்தது. கடலைத் தொலிகளுக்கும் கிழிந்த டிக்கெட்டுகளுக்கும் நடுவில்.

"யாரும் காலை அசைக்காதிய."

அவள்தான் பேசினாள். சத்தமில்லை, ஆனால் டிரைவர் வரைக்கும் கேட்டது.

அவள் இருக்கையிலிருந்து இறங்கித் தரையில் முழங்கால் போட்டாள். என்ன ஏது என்று ஒருவருக்கும் புரியவில்லை. சேக் முகைதீன் அவள் முகத்தைப் பார்த்தார், கீழே கிடந்ததைப் பார்த்தார். "என்னம்மா அது?"

"எங்க சாமி."

அவர் மறுபேச்சில்லாமல் இரண்டு காலையும் தூக்கி இருக்கை மேல் வைத்துக்கொண்டார். மாஜிதாவும் வைத்துக்கொண்டாள். "காலைத் தூக்குங்கப்பா எல்லாரும்." வரிசையாகக் கால்கள் தரையை விட்டு எழும்பின. நின்றவர்கள் இருக்கைக் கம்பிகளில் கால் வைத்துத் தொங்கினார்கள். பஸ்ஸே ஒரு கணம் தரையில் பாவாமல் நின்றது. தரையில் கால் ஊன்றி நின்ற ஒரே ஆள் சந்தியாகு.

அவள் அந்த அப்பத்தை எடுத்தாள். ஓரம் உடைந்திருந்தது. உடைந்த துணுக்கைத் தேடினாள். கடலைத் தொலியை ஒவ்வொன்றாக விலக்கி, தரையோடு கன்னத்தை ஒட்டிப் பார்த்து, சந்தியாகுவின் கால் விரலுக்குப் பக்கத்தில் கண்டெடுத்தாள்.

"ஜோயல் சாமி குடுத்துவிட்டது," என்றாள், எழுந்திருக்காமலே. "எங்க வீட்டுக்காரருக்கு. மில்லுல பரண்லேருந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சு படுத்த படுக்கையா இருக்காக. எனக்கு ராஜபாளையத்துல ஆஸ்பத்திரியில நைட் டூட்டி. முடிச்சுட்டு அப்பிடியே மொதப் பூசை கண்டு, வாரா வாரம் நான்தான் கொண்டு போறேன். இன்னைக்கு டூட்டி முடிய நேரமாயிருச்சு, ரெண்டாம் பூசைக்கு வந்தேன். கோவில் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் சாமியார் சொன்னாகளே. நீங்க வரலியா?"

அவர்தான் கூட்டத்துக்கே போவதில்லையே.

"அப்ப நான் கேக்கும்போதே சொல்லியிருக்கலாமேம்மா." சந்தியாகுவின் குரல் அவருக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"நன்மையைக் கொண்டு போறப்ப வழியில பேசக் கூடாதுல்லா ஐயா."

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். "ஆமா பெருசு. இந்த அம்மா ஞாயித்துக்கிழமை வாயே தொறக்காது. காசை மட்டும் நீட்டும். நான் ஊமைன்னுல்ல நெனச்சேன்."

வழியில் பேசக் கூடாது. எதிரே வருகிறவரைக் கும்பிடக் கூட நிற்கக் கூடாது. அந்தக் காலத்தில் நோயாளி வீட்டுக்கு நன்மை போகும்போது மணியடித்துக்கொண்டு ஓர் ஆள் முன்னால் போக, பின்னால் குடைக்குக் கீழே சாமியார் வாய் திறக்காமல் நடப்பார். இந்த மரியாதை எல்லாம் செத்துப்போய்விட்டது என்று குழுவில் பக்கம் பக்கமாக எழுதியவர் சந்தியாகு. அது ஊதாச் சேலை கட்டிக்கொண்டு கண் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, திருட்டு முழி என்று நினைத்துக்கொண்டார்.

"சாமியார் சொல்லித் தந்ததில்லை," என்றாள் அவள். "நானா வச்சுக்கிட்டது."

"அண்ணாச்சி," என்றார் சேக் முகைதீன், கால்களை இன்னும் இறக்காமல். "திருட்டுன்னு சொன்னீகளே. இப்ப யாரு கையிலேருந்து யாரு புடுங்குனது?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "மிதிபட்ட எடத்துல விழுந்ததை அவுகளுக்குக் குடுக்க மனசு வரலை. நான் இன்னைக்கு வாங்கிட்டேன். நீங்க விரதமாத்தான இருப்பிய? ஊருக்கே தெரியும். நீங்க வாங்கிக்கோங்க ஐயா." விரல் நுனியில் அதை எடுத்து நீட்டினாள்.

அவர் வாய் திறந்தால் போதும். வயிறு காலி. முழங்கால் போட இடமும் இருந்தது. பட்டம் பெறாத கை, நடுரோட்டில் நிற்கிற பஸ், கீழே விழுந்தது என்று மறுப்பதற்கு மூன்று காரணங்கள் நாக்கு நுனி வரை வந்தன. மூன்றும் பொய் என்று அவருக்குத் தெரிந்தது.

"வாங்குங்க பெருசு. வண்டியை எடுக்கணும்," என்றார் கண்டக்டர்.

சந்தியாகு ஓர் அடி பின்னால் போனார். "எனக்குத் தகுதி இல்லைம்மா."

அவள் நீட்டிய கையை மடக்கினாள். பிறகு கண்ணை மூடிச் சிலுவை வரைந்து தானே வாங்கிக்கொண்டாள். மாஜிதா நீட்டிய தண்ணீர் பாட்டிலில் முந்தானையை நனைத்து, விழுந்த இடத்தைத் துடைத்தாள். துடைத்த நுனியைச் சுருட்டி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டில் ஏதாவது செடி மூட்டில் அந்த ஈரத்தைப் பிழிவாள். அதுதான் பழைய முறை. சந்தியாகுவுக்குத் தெரியும். தெரிந்ததற்கு ஒரு மதிப்பும் இல்லை.

---

ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மடவார்வளாகத்தில் அவள் இறங்கினாள். அவரும் இறங்கினார். அவள் "வாங்க" என்றும் சொல்லவில்லை, "போங்க" என்றும் சொல்லவில்லை. வெயிலேறிய தார் ரோடு வெறுங்காலைச் சுட்டது. சுடட்டும் என்று நடந்தார்.

"ஒம் பேரென்னம்மா?"

"சவேரியம்மாள்."

"ஒம் புருசன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும் நான்."

"அதெல்லாம் வேண்டாம். அவுக காலைத் தொட்டா வலிக்கும்." கிண்டலா உண்மையா என்று தெரியவில்லை.

செல்போன் மறுபடி துடித்தது. எடுத்துப் பார்த்தார். 'மாட்டிக்கிட்டாளா?' 'போட்டோ போடுங்க அண்ணாச்சி.' 'இந்தக் காலத்துல உங்கள மாதிரி ஒரு ஆளு போதும்.' திரும்பப் பைக்குள் போட்டார்.

சந்துக்குள் ஒற்றை அறை வீடு. கதவு சும்மா சாத்தியிருந்தது. சவேரியம்மாள் தள்ளினாள்.

கட்டிலில் ஐயாதுரை சாய்ந்து உட்கார வைக்கப்பட்டிருந்தான். முதுகுக்கு மூன்று தலையணை. முகம் மழித்து, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பக்கத்தில் ஸ்டூல் மேல் வெள்ளைத் துணி விரித்து மெழுகுதிரி கொளுத்தியிருந்தது. பக்கத்து வீட்டார் யாரோ செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

வாசலில் நிழல் விழுந்ததும் அவன் நெஞ்சில் சிலுவை வரைந்தான். கண்ணை மூடிக்கொண்டான். வாய் திறந்து நாக்கை நீட்டினான்.

அந்த வீட்டு வழக்கம் அதுதான். அவள் பேச மாட்டாள். அவனும் பேச மாட்டான்.

நாக்கு நீண்டபடியே இருந்தது. சவேரியம்மாள் காலிச் சிமிழோடு நின்றாள். சந்தியாகு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் அதைவிட நீளமான ஒரு நேரம் வந்ததில்லை.

"இன்னைக்கு இல்லைங்க," என்றாள் அவள்.

ஐயாதுரை கண்ணைத் திறந்தான்.

"பஸ்ஸுல கை தவறிக் கீழ விழுந்துருச்சு. எங் கைதான்."

"இல்லை தம்பி." சந்தியாகு உள்ளே வந்தார். "நான் புடுங்குனேன். திருடிட்டு வாரான்னு பஸ்ஸுக்கே கேக்கச் சொன்னேன். ஒம் பொஞ்சாதிக்கு நான் பண்ணுனது பெரிய பாவம்."

ஐயாதுரை அவரை ஏற இறங்கப் பார்த்தான். வெறுங்காலைப் பார்த்தான். பிறகு மெல்லச் சிரித்தான். "தூணோரத்து அண்ணாச்சியா நீங்க? கேள்விப்பட்டிருக்கேன். உக்காருங்க. ஏட்டி, அவியளுக்குத் தண்ணி குடு."

"உனக்குக் கோவம் வரலையா?"

"வராம இருக்குமா? பொம்பளையை நடு பஸ்ஸுல வச்சு." சிரிப்பு நின்றது. "ஆனா செத்த நேரம் யோசிச்சுப் பாத்தா, நன்மை மேல உங்களுக்கு அம்புட்டு உசிரு. இல்லைன்னா செருப்புக்கூடப் போடாம ஓடி வருவியளா? இப்ப எவன் அப்பிடி ஓடுதான்?"

சந்தியாகு ஸ்டூலைப் பார்த்தார். மெழுகுதிரி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"ஒரு வாரந்தான, பரவாயில்லை," என்றான் ஐயாதுரை. "கொரோனாவுல கோவிலைப் பூட்டிப் போட்டாகளே, அத நெனச்சுக்கிடுவேன். அப்ப நான் நல்லா நடமாடிக்கிட்டு இருந்த ஆளு. ஞாயித்துக்கிழமை வந்தா இருப்புக் கொள்ளாது. பூட்டுன கோவில் கேட்டுக்கு வெளிய போய் நின்னுட்டு வருவேன். ஒருநாள் போலீஸ்காரன் லத்தியால ஒண்ணு போட்டான். நன்மை இல்லாம அந்தக் காலம் எனக்குப் பட்டினி மாதிரி. எனக்கே அப்பிடின்னா..." அவன் நிஜமான அக்கறையோடு கேட்டான். "உங்களுக்கு எப்பிடி இருந்துச்சு அண்ணாச்சி?"

இந்தக் கேள்விக்கு சந்தியாகுவிடம் பதில் தயாராக இருந்தது. குழுவில் எழுதியிருக்கிறார். துடித்துப் போனேன், உயிர் போய் உயிர் வந்தது. மேற்றிராணியாருக்கு எழுதிய மனுவின் முதல் வரியே அதுதான். இப்போதும் அதைச் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். இந்த மனிதன் நம்புவான்.

சவேரியம்மாள் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"நல்லாத் தூங்குனேன்," என்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"அந்த ஞாயித்துக்கிழமை எல்லாம். செல்போன்ல பூசையைப் போட்டு விட்டுட்டுத் தூங்கிருவேன். பொறவு எந்திரிச்சு கறி வாங்கப் போவேன். நிம்மதியா இருந்துச்சு. கோவிலைத் தொறந்த அன்னைக்குப் பயந்துக்கிட்டே போய் வாங்குனேன். கையில இல்லை, நாக்குலதான் கேட்டு வாங்குனேன். வெறும் மாவு மாதிரி இருந்துச்சு. அதுக்குப் பொறவு நான் வரிசைக்கே போகலை. சாமியார் மேல பழியைப் போட்டேன், கிதார் மேல போட்டேன், அடுத்தவன் கை மேல போட்டேன்." அவர் ஐயாதுரையின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "கோவிலைப் பூட்டி வச்ச அம்புட்டு மாசத்துல, தம்பி, ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட, எம் மனசு ஆண்டவரைத் தேடவே இல்லை."